பாம்பன் பாலத்து ரயில்: ஏறிப் போகவும் படம் எடுக்கவும் புதிதாக வருகிறவர்களுக்கு

போன வாரம் மதுரையிலிருந்து ஒரு தம்பி போன் செய்தான். புதுசாக கேமரா வாங்கியிருக்கிறான். பாம்பன் பாலத்தில் ரயில் போவதைப் படம் எடுக்க வேண்டும், அதே பாலத்தில் ரயிலில் ஏறியும் போக வேண்டும், லீவு ஒரே நாள்தான், எப்படிச் செய்வது என்று கேட்டான். முக்கால் மணி நேரம் பேசினோம். அவனுக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன். பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கும் உச்சிப்புளி பக்கம் என் வீடு என்று தெரிந்ததும் ரயில் பிரியர்கள் எல்லாரும் என்னிடம் கேட்கிற கேள்வி இதுதான்.

சென்னையில் கடற்கரை – வேளச்சேரி பறக்கும் ரயிலைப் படம் எடுத்துப் பழகியவர்களுக்கு உயரத்தில் ஓடும் ரயில் புதிதல்ல. ஆனால் அந்தப் பழக்கத்தோடு இங்கே வந்தால் ஏமாந்து போவீர்கள். அங்கே ஒரு ரயில் போனால் கொஞ்ச நேரத்தில் அடுத்தது வந்துவிடும், நிலையமே உயரத்தில் இருப்பதால் நடைமேடையில் நின்றாலே படம் கிடைக்கும். இங்கே ஒரு நாளில் பாலத்தைக் கடக்கும் ரயில்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஒன்றைத் தவறவிட்டால் அடுத்ததற்கு மணிக்கணக்கில் வெயிலில் நிற்க வேண்டும். அதனால் கேமராவைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் நேரத்தைப் பற்றி யோசியுங்கள்.

பாலத்தைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொண்டு வந்தால் எதைப் பார்க்கிறோம் என்று புரியும். இப்போது ரயில் ஓடுவது புதுப் பாலத்தில். 2025 ஏப்ரல் 6ஆம் தேதி திறந்தார்கள். 2.08 கிலோமீட்டர் நீளம், தூணுக்குத் தூண் கிடக்கும் 18.3 மீட்டர் இரும்பு உத்தரங்கள் (கர்டர்கள்) 99, நடுவில் கப்பல் போவதற்காக 72.5 மீட்டர் நீளத்தில் ஒரே ஒரு பெரிய இரும்புப் பகுதி. இரண்டு பக்கமும் கோபுரம் நிற்கும், கப்பல் வரும்போது அந்தப் பகுதி அப்படியே படுத்த வாக்கில் 17 மீட்டர் மேலே போகும். பழைய பாலத்தில் 1914 பிப்ரவரி 24 முதல் ரயில் ஓடியது. அதன் தூக்குப்பாலம் வேறு மாதிரி: இரண்டு பாதியாகப் பிரிந்து, இரண்டு கையையும் விரித்துத் தூக்குவது போலத் திறக்கும், அதையும் ஆட்கள் சேர்ந்து கம்பியைத் தள்ளிச் சுற்றித்தான் திறந்தார்கள். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி போன பாசஞ்சர் ரயிலையே கடல் கொண்டுபோனது. பாலமும் உடைந்தது. ரயில்வே பொறியாளர் ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் அதைச் சரிசெய்து திரும்ப ரயில் விட்டார்கள். 2022 டிசம்பர் 23ஆம் தேதியோடு அந்தப் பாலத்தில் ரயில் நின்றது. அதற்குப் பிறகு இரண்டு வருஷத்துக்கு மேல் ராமேஸ்வரத்துக்கு ரயிலே கிடையாது. பாலத்துக்கு முந்தைய ஊரான மண்டபத்தில் இறங்கி பஸ் பிடித்து வந்த அந்தக் காலத்தில், ரயில் இல்லாத பாலத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு என்னவோ போல இருக்கும்.

பழைய பாலத்தைப் படம் எடுக்கும் ஆசை இருந்தால், அதில் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று விசாரித்துவிட்டு வாருங்கள், தள்ளிப்போடாதீர்கள். ரயில் ஓடாத இரும்பை இந்தக் கடல் ரொம்ப நாள் விட்டுவைக்காது.

முதலில் ஏறிப் போங்கள்

பலரும் வந்தவுடனே சாலைப் பாலத்தில் போய் நின்று கேமராவை எடுத்துவிடுகிறார்கள். நான் சொல்வது வேறு. முதல் தடவை ரயிலில் போங்கள், அதுவும் கேமராவைப் பையிலேயே வைத்துவிட்டு. ரயில் எங்கே வேகம் குறைக்கிறது, எந்த இடத்தில் கர்டர் ஆரம்பிக்கிறது, கோபுரத்தை எப்போது தாண்டுகிறது என்பதெல்லாம் உடம்புக்குத் தெரிந்துவிட்டால், அப்புறம் வெளியே நின்று எடுக்கும்போது கை தானாக முந்திக்கொள்ளும்.

மதுரையிலிருந்து ராமேஸ்வரத்துக்கு முன்பதிவில்லாத பாசஞ்சர் ரயில் இருக்கிறது. நான் சிபாரிசு செய்வது அதைத்தான். டிக்கெட் மலிவு, ஜன்னலில் கண்ணாடி ஏறி இறங்கும், எல்லா ஊரிலும் நிற்கும், கூட வருகிறவர்கள் பேச்சுக்கொடுப்பார்கள். ராமநாதபுரம், வாலாந்தரவை, உச்சிப்புளி, மண்டபம் என்று வரும். உச்சிப்புளி தாண்டியதும் பனைமரங்களுக்கு நடுவே மண்ணின் நிறம் மாறி மணலாகும். ஏ.சி. பெட்டியில் வந்தால் வசதிதான், ஆனால் ஜன்னல் திறக்காது, கண்ணாடியில் நிறம் ஏற்றியிருப்பார்கள், அதன்மேல் ஒரு வாரத்துத் தூசியும் இருக்கும். அதில் வந்தே தீர வேண்டும் என்றால் போனைக் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்து, சுற்றிலும் ஒரு கறுப்புத் துணியைப் போட்டு மறைத்துக்கொள்ளுங்கள், உள்ளே எரியும் விளக்கு படத்தில் விழாது.

மண்டபம் நிலையத்தை விட்டு வண்டி கிளம்பியதும் பேச்சை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். தரையில் ஓடும்போது சத்தம் மண்ணுக்குள் போய்விடும். கர்டரில் ஏறியவுடனே அது மாறும், கீழே ஒன்றுமில்லை என்பது போல உள்ளீடற்ற ஒரு ஓசை எழும். பாலத்தில் அனுமதித்த வேகம் மணிக்கு 75 கிலோமீட்டர். அந்த வேகத்தில் போனால் விநாடிக்கு ஒரு கர்டருக்குக் கொஞ்சம் கூடவே தாண்டும். தூக்குப் பகுதியில் மட்டும் 50தான். அங்கே இரும்புச் சட்டங்களின் நிழல் பெட்டிக்குள் வரிவரியாக ஓடும், எதிரில் இருப்பவர் முகத்தில், கையில் இருக்கும் தண்ணீர் பாட்டிலில், சீட்டில் எல்லாம். ஐந்தே விநாடி. அதற்குள் கேமராவைத் தேடிக்கொண்டிருந்தால் அதைப் பார்க்காமலே போய்விடுவீர்கள்.

பழைய பாலத்தில் இப்படி இல்லை. நடந்து போகிற வேகத்துக்குக் கொஞ்சம்தான் கூட ஊர்ந்து போகும், கடக்க கால் மணி நேரம் வரை ஆகும், ஜன்னலில் பார்த்தால் தண்ணீர் மட்டும் தெரியும். சின்ன வயசில் அம்மா என் கையைப் பிடித்தபடி மறுகையால் கடலில் காசு போடுவார்கள். பெட்டியில் பாதிப் பேர் போடுவார்கள். இப்போது ரயில் இரண்டு மூன்று நிமிடத்தில் அக்கரைக்குப் போய்விடுகிறது. பழைய பயணத்தை மனசில் வைத்து வருகிறவர்களுக்கு அது சட்டென்று முடிந்த மாதிரி இருக்கும். அதனால்தான் இரண்டு தடவையாவது ஏறிப் போகச் சொல்கிறேன், போகும்போது ஒரு பக்கத்து ஜன்னல், வரும்போது மறுபக்கத்து ஜன்னல்.

ஒரே நாள்தான் இருக்கிறது என்றால் ரயிலில் போய் பஸ்ஸில் திரும்புங்கள். ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் போகும் பஸ்கள் அடிக்கடி உண்டு, எல்லாம் சாலைப் பாலம் வழியாகத்தான் போகும். பாம்பனில் இறங்கிக்கொண்டால் படம் எடுக்கும் இடத்துக்கு வந்தாயிற்று.

சூரியனும் டைம்டேபிளும்

இதுதான் நான் சொல்ல வந்ததில் முக்கியமானது. இதை ஒருவரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. பல காலைகளை வீணாக்கிய பிறகு நானே கண்டுபிடித்தேன்.

பாலம் மேற்கிலிருந்து கிழக்காக ஓடுகிறது, மேற்கே மண்டபம், கிழக்கே பாம்பன். காலையில் சூரியன் பாம்பன் பக்கத்திலிருந்து எழும்பும். சென்னையிலிருந்து ராத்திரி கிளம்பிய ரயில்கள் காலையில் ராமேஸ்வரம் நோக்கி வரும், அதாவது இன்ஜினின் முகம் சூரியனைப் பார்த்தபடி வரும். மாலையில் சூரியன் மண்டபம் பக்கம் இறங்கும். அப்போது ராமேஸ்வரத்திலிருந்து திரும்பிப் போகும் ரயிலின் முகம் மேற்கே பார்த்திருக்கும். காலையில் வரும் வண்டிக்கும் மாலையில் போகும் வண்டிக்கும் முகத்தில் நேராக வெளிச்சம் விழும்படி டைம்டேபிளே அமைந்திருக்கிறது. ரயில் படம் எடுப்பவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

ஆக, காலையில் சாலைப் பாலத்தில் பாம்பன் முனைக்குப் பக்கமாக நின்று மண்டபத்தைப் பார்த்து எடுங்கள், சூரியன் உங்கள் முதுகில் இருக்கும். மாலையில் மண்டபம் முனைக்குப் பக்கமாகப் போய் பாம்பனைப் பார்த்து நில்லுங்கள். நான் முதன்முதலில் போன நாளில் இதை மாற்றிச் செய்தேன். விடியற்காலை மண்டபம் பக்கம் நின்று எதிர் வெயிலில் நாற்பது படம் எடுத்தேன், நாற்பதிலும் ரயில் ஒரு கறுப்புக் கோடு. வேண்டுமென்றே நிழலுருவம் எடுக்க நினைப்பவர்கள் அப்படி நிற்கலாம், கோபுரம் இரண்டும் சேர்ந்து விழும்போது அதுவும் அழகுதான், ஆனால் தெரிந்தே செய்ய வேண்டும்.

நடுப்பகலில் முகத்தில் வெளிச்சம் நன்றாக விழாது. ஆனால் கடலின் நிறம் அப்போதுதான் வெளியே வரும். தலைக்கு மேலே வெயில் நிற்கும்போது ஆழமில்லாத இடம் பச்சையாகவும், ஆழமான கால்வாய் கருநீலமாகவும் தனித்தனியாகத் தெரியும். தண்ணீரின் பளபளப்பைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டர் வைத்திருந்தால் அப்போது மாட்டுங்கள். நிறத்துக்காகவே ஒரு மதிய ரயிலுக்குக் காத்திருப்பது வீணில்லை.

ரயில் நேரம் மாறிக்கொண்டே இருப்பதால் இங்கே மணி எழுதவில்லை. ரயில்வேயின் நேரம் காட்டும் செயலியில் ராமநாதபுரத்தையோ மண்டபத்தையோ எப்போது தாண்டியது என்று பார்த்துக்கொள்ளுங்கள். ராமேஸ்வரம் சேரும் நேரத்தை நம்பாதீர்கள். கடைசி நிலையத்துக்குக் கூடுதல் நிமிடங்கள் சேர்த்துப் போட்டிருப்பார்கள், அதைக் கணக்கு வைத்து நடந்து வந்தால் ரயில் உங்களுக்கு முன்னால் போயிருக்கும். தினமும் ஓடாத வண்டிகளும் இருக்கின்றன, எந்தக் கிழமை என்று பார்த்துவிட்டு வாருங்கள்.

சாலைப் பாலத்தில் நிற்பது

1988இல் திறந்த இந்திரா காந்தி சாலைப் பாலம் ரயில் பாலத்துக்கு அருகிலேயே, அதைவிட உயரத்தில் போகிறது. நீளம் 2.3 கிலோமீட்டருக்கு மேல். ஓரத்தில் நடக்க இடம் உண்டு. வண்டியைப் பாலத்தின் மேல் நிறுத்தாதீர்கள், எல்லாரும் நிறுத்துகிறார்கள் என்று நீங்களும் நிறுத்தாதீர்கள். லாரியும் பஸ்ஸும் வேகமாக வரும் இடம் அது, போலீஸும் விரட்டுவார்கள். முனையிலேயே வண்டியை விட்டுவிட்டு நடந்து வாருங்கள். ரயில் வருவதற்கு அரை மணி நேரம் முன்னாலாவது இடத்தைப் பிடித்துவிட வேண்டும். ரயில் வருகிறது என்றால் போகிற வண்டி எல்லாம் நின்று, சுற்றுலாக் கூட்டம் சுவரோரம் குவிந்து, உங்கள் முழங்கையை அசைக்க இடமிருக்காது.

இனி கேமரா. 22 பெட்டி வண்டி அரை கிலோமீட்டர் நீளம் வரும், பாலத்தில் கால் பங்கை அது ஒன்றே பிடித்துக்கொள்ளும். இதை நினைவில் வைத்து லென்ஸை எடுங்கள். முழு ரயிலும் கோபுரமும் கடலும் வேண்டும் என்றால் அகலமான லென்ஸ், போனே போதும். இன்ஜின் முகம் பெரிதாக வேண்டும் என்றால் 200 மில்லிமீட்டர் லென்ஸ் தேவைப்படும். ஷட்டர் வேகம் 1/1000 விநாடி வைத்தால் பயமில்லை, வெளிச்சம் குறைவாக இருந்தால் 1/500 வரை இறங்கலாம். வெள்ளையாக மின்னும் கடல் கேமராவை ஏமாற்றிப் படத்தை இருட்டாக்கும், அதனால் கொஞ்சம் வெளிச்சம் கூட்டி வையுங்கள். ரயில் வருவதற்கு முன்னாலேயே வெறும் பாலத்தை இரண்டு மூன்று படம் எடுத்துச் சரிபார்த்துவிட்டால் ரயில் வந்த பிறகு எதையும் திருக வேண்டியதில்லை.

இன்ஜின் சரியாகத் தூக்குப் பகுதிக்குள் நுழையும் நொடிக்காக எல்லாரும் காத்திருப்பார்கள். எடுங்கள், நல்ல படம். எனக்குப் பிடித்தது அதற்கு முந்தையது, இன்ஜின் கோபுரத்தைத் தொடப்போகும் நேரத்தில் வால் இன்னும் கரைப்பக்கமாக நீண்டு கிடக்கும் படம்.

கீழே கரையிலிருந்தும் எடுக்கலாம். பாம்பன் பக்கம் சாலைப் பாலத்தின் அடியில் நாட்டுப்படகுகள் கட்டிக் கிடக்கும் கரை இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், அந்த 61 நாளும் விசைப்படகுகள் கடலுக்குப் போகாமல் வரிசையாக நிற்கும், முன்னால் படகும் பின்னால் ரயிலும் வைத்து எடுக்க அதுதான் சமயம். ஆனால் அது அவர்கள் வேலை செய்கிற இடம். வலை காய்கிற இடத்தில் மிதிக்காதீர்கள், பெண்கள் மீன் பிரிக்கிற இடத்தில் கேமராவை நீட்டாதீர்கள், படகில் ஏறுவதற்கு முன் கேளுங்கள். "அண்ணே, இங்க நின்னு ரயிலை ஒரு படம் எடுத்துக்கலாமா?" என்று கேட்டால் போதும், மறுத்தவர்களை நான் பார்த்ததில்லை.

காற்றும் உப்பும்

அப்படிக் கேட்டு நின்ற ஒரு ஜூலை மாதத்தில், வலை தைத்துக்கொண்டிருந்த ஒருவர் என்னைப் பார்த்து, "தம்பி, கச்சான் எழும்பிருச்சு, கேமராவ உள்ள வையுங்க" என்றார். மேற்குப் பக்கமிருந்து அடிக்கும் காற்றைத்தான் இங்கே கச்சான் என்பார்கள். ஆனால் வானம் தெளிவாகத்தான் இருந்தது. பத்து நிமிடம் பொறுத்து லென்ஸைத் தொட்டுப் பார்த்தேன், பிசுபிசுவென்று இருந்தது. அன்றைக்கு நான் செய்த தப்பு அதைச் சட்டைத் துணியால் துடைத்தது. உப்பு காய்ந்தால் பொடிக்கல், துடைத்தால் கண்ணாடியைக் கீறும். மேல் பூச்சில் விழுந்த அந்தக் கீறல் இன்னும் இருக்கிறது. முதலில் ஊதும் பம்பால் ஊதுங்கள், அடுத்து நல்ல தண்ணீரில் லேசாக நனைத்த மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள், கடைசியில்தான் காய்ந்த துணி. லென்ஸுக்கு முன்னால் ஒரு மலிவான ஃபில்டர் மாட்டிவிட்டால் கவலை பாதி குறையும். பாலத்தின் மேல் நின்று லென்ஸ் மாற்றவே மாற்றாதீர்கள்.

கச்சான் அடிக்கும் ஜூன், ஜூலை, ஆகஸ்டில் சாலைப் பாலத்தின் நடுவே நிற்பதே கஷ்டம், ட்ரைபாட் கொண்டுவந்தால் கையை விட்டு எடுக்காதீர்கள். அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை வாடைக்காற்றும் மழையும். காற்று அளவு மீறினால் ரயிலைப் பாலத்தில் விடமாட்டார்கள், மண்டபத்திலோ பாம்பனிலோ நிறுத்தி வைத்துவிடுவார்கள், அந்த நாளில் உங்கள் திட்டம் தள்ளிப்போகும். ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை வாருங்கள் என்பதுதான் என் யோசனை. காற்று அடங்கியிருக்கும், காலையில் கடல் கண்ணாடி மாதிரி கிடக்கும்.

தூக்குப்பாலம் மேலே போவதைப் பார்க்க வேண்டும் என்றால் அது தனிக் கணக்கு. தினமும் தூக்க மாட்டார்கள். கப்பல் கடக்க அனுமதி கேட்டுக் காத்திருக்கும்போதுதான் தூக்குவார்கள், அதுவும் ரயில் இல்லாத நேரமாகப் பார்த்து. முதல் நாளே கப்பல் வந்து நங்கூரம் போட்டிருக்கும், கரையில் கேட்டால் சொல்லிவிடுவார்கள். அதற்காகவே நாள் ஒதுக்கி வராதீர்கள், வந்த நாளில் கிடைத்தால் அதிர்ஷ்டம்.

கண்டிப்பாகச் செய்யக் கூடாதவை

ரயில் பாலத்தின் மேலோ, அதற்கு ஏறும் கரைமேட்டிலோ கால் வைக்காதீர்கள். ரயில்வே சட்டம் 147ஆவது பிரிவில் ஆறு மாதம் வரை சிறைத்தண்டனை அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். தண்டனையை விடுங்கள், பாலத்தின் நடுவே ரயில் வந்தால் ஒதுங்கி நிற்கக் கரை கிடையாது. ரயிலில் போகும்போது வாசற்படியில் தொங்கிப் படம் எடுப்பதும் குற்றம்தான், காற்று ஒரு தள்ளு தள்ளினால் கீழே கர்டர், அதற்கும் கீழே கடல். ஜன்னல் கம்பிக்கு வெளியே போனை நீட்டுவதாக இருந்தால் மணிக்கட்டில் கயிறு மாட்டியிருக்க வேண்டும். மேலே மின்கம்பி போகிற பாதை எதுவானாலும் செல்ஃபி கம்பை உயர்த்தாதீர்கள், அதில் ஓடுவது 25,000 வோல்ட், தொடாமலே பிடித்து இழுக்கும்.

டிரோன் வேண்டாம். உச்சிப்புளியில் கடற்படையின் விமானதளம் ஐ.என்.எஸ். பருந்து இருக்கிறது, மண்டபத்தில் கடலோரக் காவல்படை இருக்கிறது. அனுமதி வாங்காமல் பறக்கவிட்டால் டிரோனும் போகும், நாளும் ஸ்டேஷனில் போகும். நிலையத்துக்குள் படம் எடுக்கப் பயண டிக்கெட்டோ பிளாட்பாரம் டிக்கெட்டோ கையில் இருக்கட்டும். ரயில்வே போலீஸ் கேமராவை உள்ளே வைக்கச் சொன்னால் வாதாடாமல் வைத்துவிடுங்கள்.

நாள் முழுக்க இருக்கிறீர்கள் என்றால் காலை ரயில்கள் முடிந்ததும் தனுஷ்கோடிக்குப் போய்விட்டு வாருங்கள். பழைய ரயில் நிலையத்தின் இடிந்த சுவர்கள் மணலில் நிற்கின்றன. ஒரு காலத்தில் சென்னையிலிருந்து போட் மெயில் அங்கேதான் வந்து நின்றது, அங்கிருந்து கப்பலில் தலைமன்னார் போய், மறுபடி ரயில் பிடித்துக் கொழும்பு போனார்கள். இரண்டு பக்கமும் கடல்தான்: ஊரார் பெண் கடல் என்று சொல்வது ஒரு பக்கம் அமைதியாகவும், ஆண் கடல் என்று சொல்வது மறுபக்கம் இரைந்துகொண்டும் கிடக்கும். தண்ணீர் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள், நிழலே கிடையாது. பிற்பகலுக்குள் பாலத்துக்குத் திரும்பிவிடுங்கள்.

போட் மெயில் என்ற அந்தப் பெயர் இன்றைக்கும் இருக்கிறது, ராமேஸ்வரத்திலிருந்து சென்னை போகும் மாலை ரயிலை ஊரில் எல்லாரும் அப்படித்தான் சொல்வோம். அது பாலத்தைத் தாண்டியதும் கூட்டம் கலைந்துவிடும், வண்டிகள் கிளம்பிவிடும். நீங்கள் கிளம்பாதீர்கள். கடைசிப் பெட்டியின் பின்னால் ஒரு சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரியும், மேற்கே வானத்தில் இன்னும் வெளிச்சம் மிச்சமிருக்கும். கேமராவைச் சுவரில் அழுத்தி வைத்து, 1/60இல், விளக்கு எரிகிற நொடி பார்த்து அழுத்துங்கள். நாலைந்து தடவை தவறும், மண்டபம் கரையில் ஏறி மறைவதற்குள் ஒன்றாவது கிடைத்துவிடும்.